சீல் போட்ட பாப்பா வண்டி

"இந்தத் தபா பாப்பா வண்டிய நான்தான் வாங்குவேன்" என்று வீட்டில் அறிவித்தேன். அறிவிப்பதற்கு முன்னால் சட்டையின் மேல் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டில் நான் அறிவிப்பது அபூர்வம். வழக்கமாக எனக்குத்தான் அறிவிக்கப்படும்.

மகிமா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

"வாங்கு."

அவ்வளவுதான். சண்டைக்கென்று பஸ்ஸில் வரும்போதே வாதங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். அத்தனையும் வீண்.

"நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"இன்னா சொல்லணும்? மலை மாதிரி சரக்க கண்டெய்னர்ல அடைக்கிற ஆளு நீ. ஒரு பாப்பா வண்டி வாங்கத் தெரியாதா உனக்கு?"

மனைவி புகழ்ந்தால் உஷாராக வேண்டும். நான் ஆகவில்லை. யாராவது பாராட்டினால் என் காது மட்டும்தான் வேலை செய்யும். மூளை லீவு போட்டுவிடும்.

விஷயத்தை முதலிலிருந்தே சொல்கிறேன். என் பெயர் எழிலன். காலடிப்பேட்டையில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். திருவொற்றியூர் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் சூப்பர்வைசர். கப்பலுக்குப் போகிற கண்டெய்னரில் சரக்கை இடுக்கு விடாமல் அடுக்க வைத்து, கதவைச் சாத்தி, சீல் போடுவது என் வேலை. சீல் போட்டுவிட்டால் போய்ச் சேரும் ஊரில்தான் திறப்பார்கள். எழிலன் போட்ட சீலை நம்பித்தான் கப்பலே கிளம்புகிறது என்று கிடங்கில் பேசிக்கொள்வார்கள். அதாவது, நான் பேசிக்கொள்வேன்.

மகிமாவின் தங்கை ஷாலு அந்தமானில், போர்ட் பிளேரில் இருக்கிறாள். கட்டிக்கொடுத்ததோடு சரி, அக்காவும் தங்கையும் பார்த்து வருஷக்கணக்கில் ஆகிவிட்டது. இப்போது ஷாலுவுக்கு ஏழாம் மாதம். அம்மா இல்லாத வீட்டில் ஷாலுவுக்குச் சடை பின்னி, சோறு ஊட்டி வளர்த்தவள் மகிமாதான். போகாமல் முடியுமா? நான், மகிமா, நாலு வயது சித்தார்த், ஒன்றரை வயது ஆதிரை, நாலு பேரும் முதன்முதலாக விமானத்தில் போகப் போகிறோம். ஆதிரைக்கு நடக்கத் தெரியும். ஆனால் தரையைப் பிடிக்காது. இறக்கிவிட்டால் ஊரைக் கூட்டுவாள். அதனால்தான் வண்டி. அதுவும் மடக்கினால் விமானத்தில் தலைக்கு மேலே இருக்கிற பெட்டியில் போய் உட்கார வேண்டும். சரக்கோடு கீழே போட்டால் சக்கரம் ஒரு பக்கமும் சீட் ஒரு பக்கமுமாக வந்து சேரும். சரக்கை எப்படித் தூக்கிப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா?

முதல் அறிவிப்பு சுலபமாக ஜெயித்த தெம்பில் இரண்டாவதையும் வெளியிட்டேன்.

"இன்னொண்ணு. கருவாடு எத்துகினு வரக்கூடாது."

பூண்டு உரிக்கும் கை நின்றது. இப்போது நிமிர்ந்தாள்.

"யோவ், ஷாலுக்கு வாய்க்கு எதுவுமே புடிக்கலயாம். போன்ல அழுவுறா. காசிமேட்டு வாளக் கருவாடு போட்டு ஒரு கொழம்பு, அது போதும்ன்றா."

"அந்தமான்ல சுத்தி கடல் மே! அங்க மீனுக்கு இன்னா பஞ்சம்?"

"மீன் கீது. கருவாடும் கீது. காசிமேடு கீதா?"

மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டால் குரலை உயர்த்துவது என் வழக்கம்.

"மொத தபா பிளேன் ஏறுறோம். டீசன்டா போவணும். நாம ஏறுனதும் மொத்த பிளேனும் மூக்கப் பொத்திக்கணுமா? இந்த வூட்டு கவுரவம் இன்னாத்துக்கு ஆவுறது?"

மறுபடி பூண்டைக் கையில் எடுத்தாள்.

"சரி" என்றாள்.

ஒரே சாயங்காலத்தில் இரண்டு தடவை ஒத்துக்கொண்டுவிட்டாள். கல்யாணமாகிக் கொஞ்ச நாள் ஆன எந்த ஆணும் இந்த இடத்தில் பயந்திருப்பான். நான் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன்.

உங்களிடம் மட்டும் ஒரு ரகசியம் சொல்கிறேன். வண்டியை நானே வாங்குவேன் என்று ஒற்றைக்காலில் நின்றதற்குக் காரணம் வேறு. இந்த வண்டிகளுக்குக் கீழே ஒரு கூடை வைத்திருப்பார்கள். மகிமா கண்ணில் ஒரு கூடை பட்டால் அது காலியாக இருக்காது. கூடை இருந்தால் கருவாடு வரும். ஆகவே கூடையே இல்லாத வண்டியாகப் பார்த்து வாங்கிவிட வேண்டும். இதுதான் என் திட்டம். எவ்வளவு பெரிய மூளை பாருங்கள்.

செருப்பு மாட்டும்போது மகிமா வாசலுக்கு வந்தாள்.

"உன் இஷ்டம்தான். ஒண்ணே ஒண்ணு. சீட்டு சாஞ்சா மல்லாக்கப் படுக்கற மாதிரி பாத்து வாங்கு."

"ஆதிரை குந்திகினுதான வருவா?"

"தூங்கிட்டாக்கண்டி?"

நியாயமாகத்தான் பட்டது. தலையாட்டினேன்.

வண்ணாரப்பேட்டைக் கடையில் மூன்று வண்டி காட்டினார்கள். முதல் வண்டியின் கீழ்க்கூடையில் எங்கள் வீட்டு மளிகை மொத்தமும் நிற்கும். அதைத் தொடக்கூட இல்லை. இரண்டாவது, மடக்கினால் குடை மாதிரி நீண்டது. விமானப் பெட்டியில் பாதி உள்ளே போய் மீதி யார் தலையிலாவது இடிக்கும். மூன்றாவதுதான் என் வண்டி. மூன்று மடிப்பு. மடக்கினால் ஒரு சின்னப் பெட்டி. சீட் மல்லாக்கப் படுத்தது. கூடை என்று ஒன்று கிடையவே கிடையாது. தோளில் மாட்ட ஒரு பை வேறு தந்தார்கள்.

கடைக்காரர் முன்னால் மண்டிபோட்டு நாலு பக்கமும் அளந்தேன்.

"எவ்ளோ லோடு தாங்கும்?"

"சார், பாப்பா வண்டி சார் இது."

"அது தெரியுது. லோடு போட்டுப் பாத்தீங்களா?"

"பாப்பா போட்டுப் பாத்திருக்காங்க சார்."

"மடக்கறது?"

"ஒத்தக் கையால மடக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே மடக்கினார். டக் என்றது. அவர் கையில் எல்லாம் டக் என்றுதான் மடங்கும். விற்கிறவர் கைக்கும் வாங்குகிறவர் கைக்கும் இந்த உலகத்தில் எப்போதுமே வித்தியாசம் இருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் தெருவில் வெள்ளோட்டம். எதிர்வீட்டு ஷம்ஷாத் அக்கா ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் மகள் துபாயில் இருக்கிறாள். அக்கா துபாய்க்குப் போய் வந்தவர். எங்கள் தெருவில் விமானம் சம்பந்தமான எல்லா விவகாரத்துக்கும் அவர் வாக்குதான் தீர்ப்பு. அது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

அரிசி மூட்டையை வண்டியில் உட்கார வைத்து, வார் போட்டு இறுக்கி, தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டு போய் வந்தேன். மூட்டை அழவில்லை. வண்டி முனகவில்லை. மூட்டையை இறக்கிவிட்டு வண்டியை ஒரு விரலில் மாட்டித் தூக்கிக் காட்டினேன்.

"பாத்துக்கங்க. ஒத்த விரலு! காத்து மாதிரி கீது."

விரல் கழன்றுவிடும் போலிருந்தது. முகத்தில் காட்டவில்லை.

"அதெல்லாம் நல்லாத்தான் கீது எழிலு" என்றார் ஷம்ஷாத் அக்கா. "மடக்கு பாக்கலாம்."

ஒரு கையால் அமுக்கினேன். மடங்கவில்லை. இரண்டு கையாலும் அமுக்கினேன். முன்சக்கரம் மட்டும் வணக்கம் சொல்வதுபோலக் குனிந்தது. முழங்காலை வைத்து அழுத்தினேன். இப்போது மடங்கியது. என் லுங்கியின் நுனியையும் சேர்த்துக்கொண்டு மடங்கியது. வண்டி போகிற பக்கமெல்லாம் நானும் போக வேண்டியதாயிற்று. சித்தார்த் கை தட்டினான். தெருவே தட்டியது.

மகிமா படியிறங்கி வந்தாள். கீழே ஏதோ ஒரு கம்பியைக் கால் விரலால் நெம்பினாள். வண்டி விரிந்து என் லுங்கியை விட்டது. இன்னொரு தடவை நெம்பினாள். சமர்த்தாக மடங்கிக்கொண்டது.

"இதுக்குக் கையே வாணாம்" என்றாள்.

மானம் போன இடத்தில் அறிவைக் காட்டியாக வேண்டும் அல்லவா? வண்டியைப் பைக்குள் வைத்து, பையை ஆட்டிக் காட்டி, தொழில் பாடம் எடுக்க ஆரம்பித்தேன்.

"கேட்டியா? லொட லொடன்னு ஆடுது. சக்கரத்துக்கு நடுவுல, சீட்டுக்கு அடியில, எல்லாம் காலி எடம். எங்க தொழில்ல காலி எடம் உட்டா சரக்கு ஆடும். ஆடுனா ஒடையும். எதனா வெச்சி இறுக்கமா அடைக்கணும். காலி எடம் மட்டும் உடவே கூடாது."

என் தொழிலைப் பற்றிப் பேசினால் மகிமா கொட்டாவி விடுவாள். அன்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எதனா வெக்கலாமா?"

"பாப்பா துணி கிணி, எதனா வையி. ஆடக்கூடாது, அவ்ளோதான்."

மகிமாவும் ஷம்ஷாத் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் ஞானத்தை வியக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஊருக்குக் கிளம்புகிற காலை. ஆட்டோ கீழே நின்றது. நான் பெட்டிகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தேன். சத்தியமாக முகர்ந்தேன். மகிமாவின் கைப்பை, என் துணிப்பெட்டி, பால் புட்டி வைத்த கூடை, எல்லாம். கருவாட்டு வாசனை எங்கும் இல்லை. மனுஷி சொன்ன சொல் தவறவில்லை. எனக்கே பாவமாகிவிட்டது.

முகம் கழுவித் தலை சீவிக்கொண்டு நான் வந்தபோது, மகிமா வண்டிப் பையை ஜிப் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"நீ சொன்ன மாதிரியே அடைச்சிட்டேன். ஆட்டிப் பாரு."

ஆட்டினேன். துளி சத்தமில்லை. என்னிடம் வேலை பார்க்கிறவர்களே இவ்வளவு கச்சிதமாக அடைத்ததில்லை.

"ஏர்போர்ட்ல பாப்பாவ இதுல வெச்சித் தள்ளிகினு போவலாம்ல? அங்க எடுத்துக்கலாம்" என்றேன்.

"தள்ளலாம். பிளேன் வாசல்ல மடக்கணுமே?"

"மடக்குவேன்."

"உன் பின்னால மொத்த ஜனமும் நிக்கும். உன் பேன்ட்டு மாட்டிகிச்சின்னா?"

கண்ணை மூடி அந்தக் காட்சியைப் பார்த்தேன். உடனே திறந்துவிட்டேன்.

"சீல் போட்டுடுய்யா. போர்ட் பிளேர்ல போயி பிரிச்சிக்கலாம். நீ போட்ட சீலுன்னா ஒரு மதிப்பு கீதுல்ல?"

இதற்குமேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்? பிளாஸ்டிக் சீல் ஒன்றை எடுத்து ஜிப்பின் இரண்டு வளையத்திலும் கோத்து, கரகரவென்று இழுத்து இறுக்கினேன். கிடங்குச் சீல் இல்லை, கடையில் என் காசில் வாங்கியது. யாரும் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

பையைத் தோளில் மாட்டினேன். தோள் ஒரு பக்கம் இறங்கியது.

"இன்னாய்யா, கனமா கீதா?"

"கனமா? சீச்சீ. காத்து."

விமான நிலையத்தில் எல்லாக் குடும்பமும் பிள்ளைகளை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனது. நான் ஒரு தோளில் வண்டி, இன்னொரு தோளில் ஆதிரை என்று போனேன். பாப்பாவைச் சுமக்க வாங்கிய வண்டியை, பாப்பாவோடு சேர்த்து நான் சுமந்தேன். ஆதிரையை இறக்கினால் கத்தினாள். வண்டியை இறக்கினால் மகிமா கேட்டாள்.

"கனமா கீதா?"

"காத்து!"

சோதனை நடக்கிற இடத்தில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. பையை மகிமா வாங்கிக்கொண்டாள். நான் சித்தார்த்தோடு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். சீருடை போட்ட ஓர் அம்மா பையைக் காட்டி ஏதோ கேட்டார். மகிமா ஏதோ சொன்னாள், கையால் என்னவோ காட்டினாள். அந்த அம்மா சிரித்துவிட்டார். பையை அவரே தூக்கி மகிமா தோளில் மாட்டிவிட்டார்.

"பாத்தியாடா? அப்பா வாங்குன வண்டிய போலீஸே மெச்சுது" என்றேன் சித்தார்த்திடம்.

விமானத்துக்குள் ஏறினோம். அந்த நிமிஷம் வந்தது. தலைக்கு மேலே பெட்டியைத் திறந்து பையைத் தூக்கினேன். எனக்கு மூச்சு வாங்கியது சந்தோஷத்தால் என்று நினைத்தேன். பாதிதான் சந்தோஷம். மீதி, கனம். பை உள்ளே போனது. அளந்து தைத்த சட்டை மாதிரி போய் உட்கார்ந்தது. மூடி சாத்திக்கொண்டது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"பாத்தியா மகிமா?"

"பாத்தேன்யா. கெலிச்சிட்ட."

கல்யாணமான நாளாக அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. விமானம் ஓட ஆரம்பித்ததும் மகிமா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மேலே ஏறியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிப் போனாள். பை மாட்டிய அதே தோள். வலியில் உயிர் போனது. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தங்கையைப் பார்க்கப் போகிற நிம்மதி என்று நினைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

போர்ட் பிளேரில் ஷாலுவின் புருஷன் ராமதாஸ் வந்து அழைத்துப் போனார். வாசலிலேயே ஷாலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளைத்துப் போயிருந்தாள். அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நடுவில் அந்த வயிறு இருந்ததால் கட்டிக்கொள்ள எட்டவில்லை. அதற்குச் சிரித்தார்கள். மறுபடி அழுதார்கள்.

அழுகை ஓய்ந்ததும் நான் தொண்டையைக் கனைத்தேன். என் வண்டியை யாரும் கேட்கவில்லையே!

"ஷாலு, உங்க மாமன் செலக்சன பாரு" என்று பையைக் கூடத்தின் நடுவில் வைத்து, கத்தரி கேட்டு வாங்கி, சீலை எல்லோரிடமும் காட்டிவிட்டு வெட்டினேன். ஜிப்பை இழுத்தேன்.

சக்கரத்துக்கு நடுவில் வாளைக் கருவாடு. சீட்டுக்கு அடியில் நெத்திலி. மடிப்புக்குள் சென்னாக்குனிப் பொடி இறால். காற்றை உறிஞ்சி ஒட்டிய கவர்களில், பட்டை பட்டையாக, ஓர் இடுக்கு விடாமல். பாப்பா துணி ஒன்றுகூட இல்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சீல் போடுகிற சூப்பர்வைசரை எங்கள் கிடங்கில் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் வீட்டில் வைத்தே போட்டேன். என்னை எங்கே அனுப்புவது?

"இது இன்னா மே?"

"நீதான சொன்ன? காலி எடம் உட்டா ஆடும்னு. ஆடிச்சா?"

"ஆடல."

"வண்டி ஒடஞ்சிதா?"

"ஒடயல."

"அப்பறம் இன்னா?"

"பாப்பா துணி எங்க?"

"உன் பொட்டில கீது."

"என் துணி?"

"ராமதாசு சட்ட உனக்குச் சரியா இருக்கும்யா."

ராமதாஸ் என்னைவிட ஒரு சுற்று பெரியவர். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நான் வூடு பூரா மோந்து பாத்தேனே?"

"காசிமேட்டுல வாங்குனதுலேர்ந்து ஷம்ஷாத் அக்கா வூட்டுலதான கெடந்துச்சி. நீ மோந்துட்டு மூஞ்சி கழுவப் போனப்பதான் அக்கா எடுத்தாந்து குடுத்தாங்கோ."

"ஏர்போர்ட்ல அந்தம்மா சிரிச்சாங்களே?"

"சூகா மச்லின்னேன், கருவாடுன்னு அர்த்தம். அக்கா சொல்லிக் குடுத்த இந்தி. என் தங்கச்சிக்குன்னு சொல்லி இப்பிடி வயிறு காமிச்சேன். அவங்களுக்கும் ஊர்ல ஒரு தங்கச்சி கீதாம்."

"கனமா கீதுன்னு நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா மாட்டியிருப்ப!"

மகிமா சிரித்தாள்.

"நீயா? ஒத்த விரல்ல தூக்கிக் காமிச்ச ஆளு. கை ஒடஞ்சாலும் சொல்லுவியா?"

கோபமாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஷாலு ஒரு கவரைப் பிரித்து மூக்குக்கிட்டே வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். "நம்ம வூடு வாசன அடிக்குதுக்கா" என்றாள். கவரை விடவே இல்லை. கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. விமானத்தில் ஏற்றினால் கவுரவம் போய்விடும் என்று நான் பயந்த வாசனை அது. எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்கு மகிமா வைத்த குழம்பில் ஷாலு மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டாள். அதைப் பார்த்தபோது என் தோள்வலி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் மூன்று தட்டுதான்.

சாப்பிட்டு முடித்து ஷாலு வண்டியை விரித்தாள். சீட்டைச் சாய்த்தாள். மல்லாக்கப் படுத்தது. உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"அக்கா, நீ போன்ல சொன்ன மாதிரியே படுக்குதே! பொறந்த புள்ளகூட இதுல தூங்கும்."

நான் மெதுவாக மகிமா பக்கம் திரும்பினேன். அவள் சாமான் கழுவப் போய்விட்டாள்.

பின்னாலேயே போனேன். "அப்ப ஆதிரைக்கு? திரும்பிப் போறப்ப?"

"நீ கீறியே."

கிளம்புகிற நாள் வந்தது. வண்டி ஷாலு வீட்டுக் கூடத்தில், வரப்போகிற பிள்ளைக்காகத் துண்டு விரித்து நின்றது. ஆதிரை என் இடுப்பில் ஏறியாகிவிட்டது. ராமதாஸின் சட்டைக்குள் எங்கேயோ நான் இருந்தேன். மகிமா உள்ளேயிருந்து அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வண்டிதான் இங்கே நிற்கிறதே, பை ஏன் இப்படி உப்பியிருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன்.

"காலி எடம் உடல. சீல் போடுய்யா" என்றாள்.

போட்டேன்.